சௌபாக்யாவுக்கு ஒரு நிமிட மௌனம்

ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டி, கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. மிருகங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் கட்டியது. கட்டிடங்களுக்குக் குறைவில்லை, மிருகங்கள்தாம் குறைவு. தீவன ஆராய்ச்சித் துறையை எடுத்துக்கொண்டால், தலைவருக்கு ஒரு அறை, அந்த அறைக்கு ஒரு முன்னறை, வருகிற விருந்தாளிகள் கை கழுவ ரோஜா நிறத்தில் ஒரு வாஷ்பேசின், எல்லாம் உண்டு. மாடு ஒன்றே ஒன்று. அதன் பெயர் சௌபாக்யா. அதன் இடது விலாவில் ஒரு ஓட்டை.

ஓட்டை என்றதும் காயம் என்று நினைத்துப் பதற வேண்டாம். மாட்டின் வயிற்றுக்குள் தீனி எப்படிச் செரிக்கிறது என்று பார்ப்பதற்காக, மரத்துப்போக ஊசி போட்டு, விலாவைத் திறந்து இரைப்பையோடு சேர்த்துத் தைத்து, ஒரு ரப்பர் வளையமும் மூடியும் வைப்பார்கள். ஆறிவிட்டால் வலி கிடையாது. மூடியைத் திறந்து கையை விட்டால் பாதி செரித்த புல்லை அள்ளி எடுக்கலாம். உலகமெல்லாம் செய்கிற காரியம்தான். இந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் அந்த ஓட்டைக்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்திருந்தார்கள்.

வீணா 1998இல் எம்.எஸ்ஸி.யில் வந்து சேர்ந்தாள். அம்மா பாஞ்சாலி பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். கேழ்வரகுத் தாளையும் பட்டுப்புழு தின்று மிச்சம் வைத்த முசுக்கட்டைக் குச்சியையும் கலந்து போட்டால் ஏழை வீட்டு மாட்டுக்கு உடம்பில் ஒட்டுமா என்று பார்ப்பதுதான் வீணாவின் ஆராய்ச்சி. தீனியைச் சின்ன நைலான் பைகளில் போட்டு, கயிற்றில் கட்டி, சௌபாக்யாவின் வயிற்றுக்குள் தொங்கவிட வேண்டும். பிறகு எடுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நைலான் பை வாங்கத் துறையில் வழியில்லை என்றார்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் பாஞ்சாலியே தைத்துக் கொடுத்தாள். மாடு இருந்தால் ஆராய்ச்சி, ஆராய்ச்சி இருந்தால் பட்டம், பட்டம் இருந்தால் அம்மா மெஷினைவிட்டு எழுந்திருக்கலாம். எல்லாம் அந்த ஒரு மாட்டின் வயிற்றில் இருந்தது.

முதல் நாள் துறைத்தலைவர் டாக்டர் சுந்தரராமன் அவளை ஒரு நீளமான நடைக்கு அழைத்துப்போனார். தாத்தா காலத்திலேயே சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து மைசூர்க்காரராகிவிட்ட குடும்பம். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் சமமாக வளைந்துகொடுப்பார். நடையின் இரண்டு பக்கமும் சுவர் நிறைய போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெரிய மனிதர் தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலையோடு, ஒரு கையை மாட்டின் விலாவுக்குள் முழங்கைவரை நுழைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரும் விஐபிஸ். இதுதாம்மா நம்ம டிபார்ட்மெண்ட்டோட ஹிஸ்டரி," என்றார் சுந்தரராமன்.

"சார், மாட்டோட மூஞ்சி எந்த போட்டோலயும் இல்லையே?"

"மூஞ்சி எல்லா மாட்டுக்கும் இருக்கும்மா. வாய் மாட்டோட சொந்த விஷயம். இந்த ஓட்டை பப்ளிக்கோடது. புரியறதா?"

வீணாவுக்குப் புரியவில்லை. முதல் மாதத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடமெல்லாம் இதுதான்: விருந்தாளி வந்தால் பேட்டா முதலில், சால்வை அடுத்து, பழக்கூடை கடைசி. பன்னீர் தெளிக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது வாடை வந்தால் முகத்தைச் சுளிக்கக்கூடாது, விருந்தாளி சுளிக்கலாம். கையை எடுத்ததும் வெந்நீர், சோப்பு, துவாலை. விருந்தாளி ஏதாவது சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும், "சூடா இருக்கே!" என்பார்கள். துறையின் ஆண்டறிக்கையில் அது 'நிபுணர்களின் கருத்து' என்ற தலைப்பில் வரும்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். செரிக்கிற புல்லின் புளிச்ச வாடை அப்படி. பாஞ்சாலி குழாயடியில் உட்காரவைத்துப் புளிக்கரைசலால் தேய்த்துவிடுவாள். "மாட்டுக்குள்ள கை வுடறதுக்கா ரெண்டு டிகிரி?" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

ஏதோ பத்திரிகையில் ஒரு படம் வந்தாலும் வந்தது, பிடித்தது சனி. மடாதிபதி வந்தார், கிளப் தலைவர்கள் வந்தார்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் மாநாடு முடிந்து பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். கை விட்டுப் பார்த்தால் கோமாதா வயிற்றில் கோடி தேவர்களைத் தொட்ட புண்ணியம் என்று எவனோ கிளப்பிவிட, பெண்டாட்டிகளும் மாமியார்களும் வரிசையில் நின்றார்கள். வீணா காலையில் தொங்கவிட்ட பைகளை மத்தியானம் எவராவது பிடித்து இழுத்து, "இது என்ன, கட்டியா?" என்று கேட்டார்கள். சௌபாக்யா நின்றது. அதற்கு நிற்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் திறந்து மூடியதில் மூடி கிழிந்தது. விலா வழியாகத் தண்ணீர் கசிந்து கால்வரை ஒழுக, ஈ மொய்த்தது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டது.

புது மூடி வேண்டும் என்று வீணா எழுதிக்கொடுத்தாள். ஸ்டோர்காரர்கள் நன்றாக யோசித்தார்கள். தீனியா, இல்லை. மருந்தா, இல்லை. ஓட்டையை அடைப்பது சம்பந்தப்பட்டது, ஆகவே கட்டிடப் பராமரிப்பு என்று இன்ஜினியரிங் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு உதவி இன்ஜினியர் மேஸ்திரியோடு வந்து, சௌபாக்யாவின் விலாவில் டேப் வைத்து அளந்தார்.

"சிமெண்ட் பூச முடியாது, அசையுது," என்றார் மேஸ்திரி.

"கிரில் போட்டுடலாம்," என்றார் இன்ஜினியர். "சேஃப்டியும் ஆச்சு. கலர் மட்டும் நீங்க சொல்லிடுங்க மேடம்."

வீணா கலர் சொல்லவில்லை. பொம்மனஹள்ளிப் பஞ்சர் கடையில் லாரி ட்யூபை வெட்டித் தானே ஒரு மூடி செய்து மாட்டினாள். கசிவு நின்றது, காய்ச்சல் இறங்கியது. சௌபாக்யா அவள் தோளை நக்கியது. அன்றைக்குப் பஸ்ஸில் யார் எழுந்து போனார்கள் என்று அவள் கவனிக்கவில்லை, வீட்டில் புளியும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வெங்கடசாமி வந்தார். கல்குவாரி முதலாளி, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் உறுப்பினர். துணைவேந்தருக்குப் பதவி நீட்டிப்பு வேண்டும். அதற்கு வெங்கடசாமியின் ஓட்டு வேண்டும். ஆகவே பேட்டா இரண்டு மடங்கு பெரிசு. வீணா ரப்பர் கையுறையை நீட்டினாள். அவர் தள்ளிவிட்டார்.

"கிளவுஸ் போட்டா போட்டோல யார் கைன்னு எப்டிமா தெரியும்?"

விரல் பருமனுக்கு ஒரு நவரத்தின மோதிரம் அந்தக் கையில் மின்னியது. கை உள்ளே போனது. பிளாஷ் அடித்தது. கை வெளியே வந்தபோது மோதிரம் இல்லை.

துணைவேந்தரே கை விட்டுத் தேடினார். சுந்தரராமன் தேடினார். டிரைவர்கள் தேடினார்கள். மாலைக்குள் 'மோதிர மீட்புக் குழு' அமைக்கப்பட்டு, அதற்குத் தேநீர்ப்படி ஒதுக்கப்பட்டது. காந்தம் கட்டி இறக்கலாம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்றாள் வீணா. அந்தக் கருத்து ஒரு உபகுழுவின் பரிசீலனைக்கு விடப்பட்டது. மாடு நாள் முழுக்க வயிற்றில் கைகளோடு நின்றது. தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தப்பா ஓரமாக நின்று பீடி பிடித்தார். "பேடாம்மா, வேணாம், நீ பேசாத. பெரியவங்க தேடறாங்க. பெரியவங்க தேடினா எதுவும் கிடைக்காது, அது ரூல்ஸு," என்றார்.

கடைசியில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. வயிற்றை முழுக்கத் திறந்து பார்த்துவிடுவது. அதற்குப் பெயர் பிரேதப் பரிசோதனை. பிரேதப் பரிசோதனையை உயிருள்ள மாட்டுக்குச் செய்ய விதியில் இடமில்லை. பசுவைக் கொல்லலாமா என்றால், ஐயோ, மடாதிபதிகள் என்ன சொல்வார்கள், பத்திரிகையில் என்ன வரும்! கொல்லவும் கூடாது, மாடு செத்தும் இருக்க வேண்டும். இந்தச் சிக்கலைத் துணைவேந்தரே அவிழ்த்தார். சௌபாக்யா முதுமை காரணமாகக் காலமாகிவிட்டதாக ஒரு சுற்றறிக்கை விட்டார். இனிப் பரிசோதனைக்குத் தடையில்லை.

தடை வேறு இடத்திலிருந்து வந்தது. நின்றுகொண்டு அசைபோடுகிற பிரேதத்தை அறுக்க அறுவைத் துறையில் எவரும் முன்வரவில்லை. ஆளுக்கொரு லீவு போட்டார்கள். ஆனால் தீவனக் கிடங்கு மட்டும் உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியது. செத்த மாட்டுக்குத் தீனி கிடையாது என்று அன்றே நிறுத்திவிட்டார்கள்.

வீணா சுந்தரராமனிடம் ஓடினாள். "சார், மாடு பட்டினியா நிக்குது சார்."

"எந்த மாடு?"

"சௌபாக்யா சார்."

"அது போயிடுத்தேம்மா. எனக்கும் வருத்தம்தான். இத்தனை வருஷம் நம்மோட இருந்தது." உண்மையாகவே அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீணாவுக்குக் குமட்டியது. மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கை விட்ட நாட்களில்கூட அவளுக்கு அப்படிக் குமட்டியதில்லை.

பாஞ்சாலி ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஏரிக்கரைப் புல்லை அறுத்து, கம்பெனிச் சாக்கில் கட்டிக்கொடுத்தாள். வீணா அதை முதுகில் சுமந்துகொண்டு பஸ் ஏறினாள். அம்மா ஒருத்தியும் மகள் ஒருத்தியுமாக அரசாங்கத்தின் பிரேதத்துக்குச் சோறு போட்டார்கள். அப்படி ஒரு காலையில், தின்று முடித்து அமைதியாக நின்ற சௌபாக்யாவின் காதில் ஏதோ பேசிக்கொண்டே, வீணா மூடியைத் திறந்தாள். இத்தனை பேர் தேடியும் கிடைக்காததற்குக் காரணம், எல்லோரும் மேலாகவே துழாவினார்கள்; கனமான பொருள் முன்பக்கம் அடியில் உள்ள தேன்கூடு போன்ற பைக்குள் போய்விடும் என்று அந்தப் பேராசிரியர்கள் எழுதிய புத்தகத்திலேயே இருந்தது. கன்னம் மாட்டின் விலாவில் அழுந்த, தோள்வரை கையை விட்டாள். ஒரு பேனா மூடி வந்தது. உடைந்த வளையல், கோட்டுப் பொத்தான், ஏதோ கிளப்பின் சட்டைச் சின்னம், பல்கலைக்கழக முத்திரை போட்ட டை-பின். நாட்டின் பிரமுகர்கள் விட்டுப்போன குப்பை. கடைசியாக மோதிரம் வந்தது.

அவள் கையைக்கூடக் கழுவாமல் துறைத்தலைவர் அறைக்கு ஓடினாள். இனி மாட்டை அறுக்க வேண்டாம். இறக்கவில்லை என்று இன்னொரு சுற்றறிக்கை விட்டால் போதும். மூச்சிரைக்க மோதிரத்தை மேஜைமேல் வைத்தாள்.

சுந்தரராமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எடு அதை. மேஜைலேர்ந்து முதல்ல எடு."

"மோதிரம் சார். கிடைச்சிடுச்சு."

"மோதிரம் முந்தாநாளே கிடைச்சாச்சும்மா."

"எங்க சார்?"

"போஸ்ட்மார்ட்டத்துல. ரிப்போர்ட் எல்லாம் ரெடி. வெங்கடசாமி சார் வெயிட் பண்ணுவாரா? வி.சி. ஆசாரிகிட்ட சொல்லி, போட்டோவைக் காட்டி, அதே மாதிரி பண்ணியாச்சு. நாளைக்கு இரங்கல் கூட்டத்துல வெள்ளித் தட்டுல வச்சுக் குடுக்கப்போறோம்."

"அப்ப இது?"

அவர் சங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்தார். "ஒரு மாட்டு வயித்துல ரெண்டு மோதிரம் இருக்கக் கூடாதும்மா. எங்கேர்ந்து எடுத்தியோ, அங்கேயே போட்டுடு."

வீணா மோதிரத்தை மேஜையிலிருந்து எடுத்தாள்.

"இன்னொண்ணு," என்றார் அவர். "நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் லாரி வரும். ரிப்போர்ட்ல இருக்கிற மாதிரி எல்லாம் ஆயிடணுமோல்லியோ? நீ அந்தப் பக்கம் போகாதே. மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் திரும்பி நடந்தாள். பிறகு தொழுவத்துக்குப் போய், ஒரு முதுநிலை மாணவி தன் துறைத்தலைவரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டிய முறைப்படி, நவரத்தின மோதிரத்தை மாட்டின் வயிற்றுக்குள் திரும்பப் போட்டு மூடினாள்.

மறுநாள் இரங்கல் கூட்டம். மேடையில் சௌபாக்யாவின் படத்துக்கு மாலை போட வேண்டும். மாட்டின் முகம் உள்ள படம் ஒன்றுகூட இல்லை. இருப்பதிலேயே பெரிய படம், துணைவேந்தர் பேட்டாவோடு மாட்டுக்குள் கை விட்டிருக்கும் படம். வேறு வழியில்லாமல் அதையே நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றினார்கள். மாட்டின் பக்கமாக ஒதுக்கிப் போட்ட மாலை வழுக்கி வந்து துணைவேந்தரின் கழுத்தில் விழுந்தது. படத்துக்குக் கீழே உயிரோடு உட்கார்ந்திருந்த துணைவேந்தர் கண்ணால் ஜாடை காட்டினார். கோவிந்தப்பா போய் ஒதுக்கினார். மறுபடி வழுக்கியது. வந்தவர்களில் பாதிப்பேர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கீழே பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

துணைவேந்தர் கன்னடமும் இங்கிலீஷுமாகப் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "சௌபாக்யா நமக்கெல்லாம் ஒரு பாடம். அது ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. எந்தக் கை வந்தாலும் நின்றது. யார் கை, எதற்காக, கழுவின கையா என்று திரும்பிப் பார்த்ததில்லை. என் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது அந்தக் குணத்தைத்தான். உள்ளே எதைப் போட்டாலும் வெளியே சொல்லாத அந்தப் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?"

கைதட்டினார்கள். வெள்ளித் தட்டில் மோதிரம் வந்தது. வெங்கடசாமி அதை விரலில் போட்டுத் திருப்பிப் பார்த்தார். "என்னோடதுதான். கல்லு மட்டும் சொல்ப பெருசாகிக்கிது," என்றார். மாட்டின் வயிற்றில் அப்படி ஆவது உண்டு என்று ஒரு பேராசிரியர் விளக்கினார்.

பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிட மௌனம். மின்விசிறியும் நின்றிருந்தது. அந்த மௌனத்தின் நடுவே, மண்டபத்துக்குப் பின்னாலிருந்து, காலையிலிருந்து தீனி பார்க்காத சௌபாக்யா அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டது. "ம்...மா...!" ஒருவரும் தலை திருப்பவில்லை. அது மறுபடி கூப்பிட்டது. துணைவேந்தர் கண்ணைத் திறக்காமலே, "மௌனம் என்றால் மௌனம்! அந்தச் சத்தத்தை யாராவது வெளியே கொண்டுபோங்கள்," என்றார். கோவிந்தப்பா ஓடிப்போய் ஒரு கட்டு வைக்கோலை அவிழ்த்துப் போட்டார். இறந்த பிறகு சௌபாக்யாவுக்குத் துறை கொடுத்த முதல் தீனி அதுதான். இரங்கல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்ததும் சுந்தரராமன் வீணாவைத் தனியே கூப்பிட்டார். "போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல சாட்சியா ஒரு ரிசர்ச் ஸ்டூடண்ட் கையெழுத்து வேணும். போட்டுடு. சாகறவரைக்கும் எடுத்த டேட்டாவை வச்சே தீசிஸை முடிச்சுடலாம். போடலேன்னா வேற மாட்டுல முதல்லேர்ந்து. வேற மாடு ஏது?"

வீணா காகிதத்தைப் பார்த்தாள். முதுமை, மூச்சுத்திணறல், மோதிரம் என்று அழகாக டைப் அடித்திருந்தது. சீ, இதற்கா அம்மா கண் நோகப் பை தைத்தாள்! கிழித்து எறிந்துவிட்டுப் போகக் கை பரபரத்தது. எறிந்தால் பட்டம் போகும், அது போகட்டும். ஆனால் லாரி வந்துவிடுமே.

"போடறேன் சார். ஆனா ஆராய்ச்சி மாட்டோட உடலை அப்புறப்படுத்தறது ரிசர்ச் ஸ்டூடண்ட் பொறுப்புன்னு ரூல்ஸ்ல இருக்குது. என் பேருக்கே எழுதிக் குடுங்க. லாரி வேணாம்."

சுந்தரராமனுக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. லாரி வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ராத்திரியெல்லாம் தூங்காத மனிதர். "நல்ல பொண்ணும்மா நீ," என்று உடனே எழுதிக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கோவிந்தப்பா கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். வீணா சௌபாக்யாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் மறித்தான்.

"இன்னாம்மா இது?"

"செத்த மாடு. அப்புறப்படுத்தறேன்."

வாட்ச்மேன் காகிதத்தைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான். மாட்டைப் பார்க்கத் தேவையில்லை. கேட்டைத் திறந்தான். அதே நேரம் பின்னாலிருந்து துணைவேந்தரின் வெள்ளைக் கார் வந்து, வழியில் மாடு நிற்பதால் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"யாருடைய மாடு?"

"நம்ம சௌபாக்யாதான் சார். பாடி போகுது," என்று வாட்ச்மேன் சல்யூட் அடித்தான்.

துணைவேந்தர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீக்கிரம் எடுத்துப் போகச் சொல். நாறத் தொடங்கிவிட்டது!" கண்ணாடி ஏறியது. சௌபாக்யா வாலைத் தூக்கி, கேட்டின் நடுவில், காருக்கு முன்னால் தாராளமாகச் சாணி போட்டுவிட்டு நடந்தது.

பொம்மனஹள்ளி போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பாஞ்சாலி வீட்டு வாசலில் மாட்டைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இதுவாடி செத்துப்போன மாடு?"

"ஆமாம்மா."

"பால் கறக்குமா?"

"கறக்காது."

பாஞ்சாலி கொஞ்சம் யோசித்தாள். "சரி, இருக்கட்டும். நமக்கு மட்டும் இன்னா கறக்குது," என்று சொல்லிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதன் முன்னால் வைத்தாள். சௌபாக்யா மூச்சு விடாமல் குடித்தது. விலாவில் லாரி ட்யூப் மூடி இறுக்கமாக இருந்தது. அதைத் திறக்க வரிசையில் யாரும் நிற்கவில்லை.

வீணா குழாயடியில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, சொல்ப புளி எடுத்துட்டு வா."

"இத்தினி நாளா வேணாம்னியேடி. இன்னிக்கி மறுபடியும் உள்ள கை வுட்டியா?"

"இல்லம்மா," என்று வீணா வலது கையை நீட்டினாள். "கையெழுத்துப் போட்டேன்."